அன்னை கஸ்தூரிபாவும் மூத்த மகனும்

காந்தியடிகளைப் பற்றி எழுதாத மலர் இல்லை; பேசாத மேடை இல்லை. அவருடைய துணைவியார் கஸ்தூரிபாவைப் பற்றியோ, கணவரின் நிழலில் நின்ற கற்பரசி என்று நான்கு வரி எழுதி முடித்துவிடுவது நம் வழக்கமாகிவிட்டது. அந்த அம்மையாரின் வாழ்வில் நிழலும் உண்டு, நெருப்பும் உண்டு. அந்நெருப்பின் பெயர் ஹரிலால். அவர் வயிற்றில் பிறந்த மூத்த மகன். சிறைகளைத் தாங்கிய அந்தத் தாய் இந்த மகனை எவ்வாறு தாங்கினார் என்பதே நான் எழுத எடுத்துக்கொண்ட பொருள். விடுதலைப் போராட்ட வரலாறு வேண்டுவோர்க்கு நூலகத்தில் நூல்கள் பல உண்டு.

கஸ்தூரிபா 1869-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் குஜராத்தின் போர்பந்தர் நகரில், கோகுல்தாஸ் என்னும் வணிகரின் மகளாகப் பிறந்தார். அதே ஊரில், அதே ஆண்டு அக்டோபரில் பிறந்தவர் மோகன்தாஸ். ஆக, மனைவி கணவனுக்குச் சில மாதம் மூத்தவர். பதின்மூன்று வயதில் திருமணம். 1885-இல் பிறந்த முதற் குழந்தை சில நாட்களில் கண்மூடிவிட்டது. அந்தத் துயரத்திற்குப் பின் 1888-இல் பிறந்தவர்தான் ஹரிலால். பறிகொடுத்த மடியில் வந்து விழுந்த பிள்ளை என்றால் தாய்க்கு எப்படி இருந்திருக்கும் என்பதைப் பெற்றவர்களே அறிவார்கள்.

குழந்தை பிறந்த அதே ஆண்டு செப்டம்பரில் தந்தை சட்டம் படிக்கக் கப்பலேறி இங்கிலாந்து சென்றுவிட்டார். திரும்பி வந்தது 1891-இல். இரண்டு ஆண்டு கழியுமுன் தென்னாப்பிரிக்கப் பயணம். 1897 ஜனவரியில் டர்பன் துறைமுகத்தில் குடும்பத்தோடு இறங்கியபோதுதான், மகன் தந்தையோடு ஒரே கூரையின்கீழ் நிலையாக வாழத் தொடங்கினான் எனலாம். அப்போது அவனுக்கு வயது எட்டு. வெள்ளையர் பள்ளியில் தம் பிள்ளைகளுக்கு மட்டும் தனிச்சலுகையாக இடம் பெறுவதற்குக் காந்தியடிகளின் மனம் ஒப்பவில்லை. ஆகவே வீட்டிலேயே கல்வி. அதுவும் தந்தைக்கு நேரம் கிடைத்தபோது.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். 1901-இல் குடும்பம் தாயகம் திரும்பப் புறப்பட்டபோது, நேட்டால் இந்தியர்கள் அன்பளிப்புகளைக் கொண்டுவந்து குவித்தனர். அவற்றுள் ஐம்பது கினி மதிப்புள்ள ஒரு பொன் ஆரம் கஸ்தூரிபாவுக்கென்றே தரப்பட்டது. அனைத்தையும் பொதுநிதிக்கு விட்டுவிட வேண்டும் என்றார் கணவர். நாளை வரும் மருமகள்களுக்கு வேண்டாமா என்று வாதாடினார் கஸ்தூரிபா. அவர் ஆற்றிய பொதுத்தொண்டில் தம் உழைப்பும் கலந்திருக்கவில்லையா என்றும் கேட்டார். நியாயமான கேள்வி என்பதே என் கருத்து. ஆனால் காந்தியடிகள் முன்னதாகவே பிள்ளைகளிடம் பேசித் தம் பக்கம் சேர்த்துவிட்டார். பிள்ளைகள் தந்தையின் கட்சி. அன்னை தனித்து நின்று தோற்றார். பிற்காலத்தில் தந்தையின் மீது அத்தனை கசப்பு கொண்ட ஹரிலால், அந்நாளில் தந்தையின் சொல்லுக்குத் தலையாட்டிய சிறுவன் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

சிறுவனாக மட்டுமா? வளர்ந்த பின்னும் அப்படித்தான். 1906-இல் தந்தையின் மனத்துக்கு மாறாக, ராஜ்கோட்டில் குலாப் என்று அழைக்கப்பட்ட சஞ்சலைத் திருமணம் செய்துகொண்டார் என்பது உண்மை. ஆனால் பின்னர்த் தென்னாப்பிரிக்கா வந்து, 1908-ஆம் ஆண்டு உரிமமின்றித் தெருவில் பொருள் விற்றுச் சிறை புகுந்தார். இருபது வயது இளைஞர். ஒருமுறையன்று, ஆறுமுறை சிறை சென்றார். மக்கள் அவரைச் சின்னக் காந்தி என்றே அழைத்தனர். குடிகாரன், கடன்காரன் என்று மட்டும் ஹரிலாலை அறிந்தவர்கள் இந்தப் பக்கத்தையும் படிக்க வேண்டும். கெட்டுப்போன பிள்ளை தொடக்கத்திலிருந்தே கெட்ட பிள்ளை என்று எண்ணிவிடுவது பெரியவர்களாகிய நமக்கு எளிது. ஆனால் அது பொய்.

முறிவு எங்கே நேர்ந்தது? காந்தியடிகளின் நண்பரான டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா, ஓர் இளைஞரை இங்கிலாந்தில் படிக்க வைக்க உதவித்தொகை தர முன்வந்தார். காந்தியடிகளின் மக்களுள் ஒருவர் செல்வார் என்பதே பலருடைய எதிர்பார்ப்பு. பாரிஸ்டராக வேண்டும் என்ற ஏக்கம் ஹரிலாலின் நெஞ்சில் கனன்றுகொண்டிருந்தது. தம் மகனுக்குத் தருவது முறையன்று என்று கருதிய தந்தை, உறவினர் சகன்லாலைத் தேர்ந்தெடுத்தார். அவர் உடல் நலிந்து திரும்பியபின் சொராப்ஜி என்ற பார்சி இளைஞரை அனுப்பினார். பொதுவாழ்வில் இருப்பவர் தம் பிள்ளைக்குச் சலுகை காட்டாதது உயர்ந்த பண்பு, மறுக்க மாட்டேன். எனினும், ஆறுமுறை சிறை கண்ட ஒருவன் காந்தியின் மகன் என்ற ஒரே காரணத்தால் தகுதி இழப்பது எந்த நீதி? வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். நான் இன்றுவரை மகன் கட்சிதான்.

1911-ஆம் ஆண்டு மே மாதம் ஹரிலால் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போய்விட்டார். போனவர் தந்தையின் படம் ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்றார். டெலகோவா விரிகுடா வரை சென்று, இந்தியாவுக்குக் கப்பலேற முயன்றபோது கண்டுபிடிக்கப்பட்டுத் திரும்பி வந்தார். இரவெல்லாம் தந்தையும் மகனும் பேசினர். பொழுது விடிந்தது, மனம் ஒன்றவில்லை. மகன் புறப்பட்டுவிட்டார். இருபத்துமூன்று வயதில் அகமதாபாத்தில் சிறுவர்களோடு அமர்ந்து பள்ளிப்படிப்பு படித்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறவில்லை.

அந்த இரவில் கஸ்தூரிபா என்ன நினைத்தார் என்பதை எந்த நூலும் சொல்லவில்லை. கணவரின் கொள்கை ஒருபுறம், பெற்ற பிள்ளை மறுபுறம். நடுவில் நின்றவருக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கமோ, செய்தித்தாள் நடத்தும் வசதியோ இல்லை.

ஆனால் அவர் கோழையல்லர். கிறித்தவ முறைப்படி நடைபெறாத திருமணங்கள் செல்லா என்ற நீதிமன்றத் தீர்ப்பு 1913-இல் வந்தபோது, தாமே முன்வந்து அறப்போரில் இறங்கினார். அந்த ஆண்டு செப்டம்பரில் கைதாகி, மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்று மாரிட்ஸ்பர்க் சிறையில் கிடந்தார். நம் தில்லையாடி வள்ளியம்மையும் அதே சிறையில் வாடியவர். வள்ளியம்மை மறைந்தது 1914 பிப்ரவரி 22. முப்பது ஆண்டு கழித்து அதே பிப்ரவரி 22-இல் கஸ்தூரிபா மறைந்தார். காலம் சில வேளைகளில் இப்படிக் கணக்குப் பார்க்கிறது.

தாயகம் திரும்பியபின், 1915 மார்ச்சில், ஹரிலால் தந்தைக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதி, அதை அச்சிட்டும் பலருக்கு அனுப்பினார். தம்மையும் தம்பியரையும் தந்தை மக்களாகப் பேணாமல், தம் சோதனைகளுக்கு உரிய பொருளாக்கினார் என்பதும், தங்கள் கல்வியைப் பாழாக்கினார் என்பதும், தாயைக் கடிந்து நடத்தினார் என்பதும் அதன் சாரம். மறுமாதம் காந்தியடிகளும் கஸ்தூரிபாவும் சென்னைக்கு வந்து, தம்புச் செட்டித் தெருவில் ஜி. ஏ. நடேசன் இல்லத்தில் தங்கினர். ஊர் திரண்டு வரவேற்றது. மாலைகள் விழுந்த அந்தக் கழுத்துகளுக்குள் விழுங்க முடியாத துயரம் ஒன்று இருந்ததைக் கூட்டம் எங்ஙனம் அறியும்?

அடுத்து நடந்தது இன்னும் கொடிது. இரண்டாம் மகன் மணிலால், தம் பொறுப்பில் இருந்த பணத்திலிருந்து அண்ணனுக்குக் கடனாகக் கொடுத்துதவினார். செய்தி தெரிந்ததும் தந்தை 1916-இல் மணிலாலை ஆசிரமத்திலிருந்தே வெளியேற்றிவிட்டார். தாமே உழைத்துப் பிழைக்கும்படி அவர் அனுப்பப்பட்டது நம் சென்னைக்குத்தான். ஒரு மகனின் கடன் இன்னொரு மகனையும் வீட்டைவிட்டு விரட்டியது. தடம் புரண்ட பிள்ளை ஒருவன் இருக்கும் இல்லங்களில் இது இன்றும் நடப்பதே. அண்ணனுக்காகத் தம்பி பொய் சொல்வான். தங்கையின் நகை அடகுக்குப் போகும். தாய் அரிசிப் பானையில் ஒளித்த பணம் காணாமற் போகும். எல்லாரும் சேர்ந்து தந்தையிடம் மறைப்பார்கள்.

1918-ஆம் ஆண்டு உலகைச் சூறையாடிய இன்புளூயன்சாக் காய்ச்சலில் ஹரிலாலின் மனைவி குலாப் மாண்டார். ஹரிலாலை ஓரளவேனும் பிடித்து நிறுத்திய கயிறு அறுந்தது. அதன்பின் அவர் கரையேறவே இல்லை. தாயற்ற பேரப்பிள்ளைகளை அணைத்துக்கொண்டவர் கஸ்தூரிபா. மகனைத் திருத்த முடியாத இடத்தில், மகனுடைய மக்களை வளர்ப்பது என்ற வேலையை அவர் ஓசையின்றி எடுத்துக்கொண்டார். அவர்களுள் ரசிக் என்ற பேரன் 1929-இல் டெல்லியில் இளமையிலேயே இறந்துபோனான். அந்த அடியையும் அந்த அம்மையார் வாங்கிக்கொண்டார்.

தந்தை பற்றறுத்த முறை வேறு. கல்கத்தாவில் ஹரிலால் தொடர்பு கொண்டிருந்த ஆல் இந்தியா ஸ்டோர்ஸ் என்ற நிறுவனத்தில், காந்தியின் மகன் இருக்கிறார் என்று நம்பிப் பணம் போட்ட ஒருவரின் சார்பாக லயால்பூரிலிருந்து கடிதம் வந்தது. 1925 ஜூனில் காந்தியடிகள் அதைத் தம் யங் இந்தியா இதழிலேயே வெளியிட்டு விடை எழுதினார். ஹரிலால் தம் மகன்தான், முப்பத்தாறு வயதைக் கடந்தவர், நான்கு குழந்தைகளின் தந்தை, தமக்கும் அவருக்கும் கொள்கை வேறுபட்டுப் பதினைந்து ஆண்டுகளாகிவிட்டன, அவருடைய கொடுக்கல் வாங்கலுக்குத் தாம் பொறுப்பல்லர் என்று உலகறியச் சொன்னார். மகன்மீது தமக்குள்ள அன்பு போகவில்லை என்பதையும், அவர் வர விரும்பினால் தந்தையின் நெஞ்சம் திறந்தே இருக்கும் என்பதையும் சேர்த்தே சொன்னார். படிக்கும்போது கல் நெஞ்சம் போலத் தோன்றும். ஆனால் அந்த அறிவிப்பு இல்லாவிடில், காந்தியின் பெயரை அடகு வைத்து இன்னும் எத்தனை பேருடைய சேமிப்பு கரைந்திருக்குமோ? இந்த இடத்தில் மட்டும் நான் தந்தை கட்சி.

கல்லூரி விடுதியில் சில ஆண்டுகள் காப்பாளனாக இருந்தேன். தேர்வுக் கட்டணம் செலுத்தும் நாட்களில், மஞ்சள் பையும் கையுமாகக் கிராமத்துத் தந்தையர் வருவார்கள். மகனுக்குக் கொடுத்த கட்டணம் கட்டப்படவில்லை என்பதை அலுவலகத்தில் அறிந்து, என் எதிரே வந்து நிற்பார்கள். அவர்களுள் பலர் கேட்பது ஒன்றே: அவனைத் திட்டாதீர்கள் ஐயா, இந்தப் பணத்தை நானே கட்டிவிடுகிறேன், நான் வந்து போனது அவனுக்குத் தெரியவேண்டாம். பெற்ற மனம் பித்து என்பது வெறும் பழமொழியன்று. அந்த வராந்தாவில் நான் கண்ட காட்சி. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அதே தந்தை அதே பையோடு வந்ததுண்டு. வேறு சிலரோ, இனி அவன் எனக்கு மகனே இல்லை என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டா என்று தேடியபோதுதான் எனக்குக் கஸ்தூரிபாவின் வாழ்வு புலப்பட்டது.

1935-இல் ஒரு சிறு நம்பிக்கை துளிர்த்தது. தந்தையும் மகனும் மீண்டும் கடிதம் எழுதிக்கொண்டனர். ஹரிலால் திருந்துவதாகச் சொன்னார். வந்து தங்கவும் செய்தார். நெடுநாள் நீடிக்கவில்லை. 1936 மே மாதம் பம்பாயில் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லா என்று பெயர் சூடிக்கொண்டார். நாட்டுச் செய்தித்தாள்களுக்கு விருந்து. உள்ளம் மாறி மதம் மாறினால் தமக்கு மறுப்பில்லை என்றும், தம் மகனை அறிந்தவராதலால் அது உள்ளத்து மாற்றமென்று நம்ப இயலவில்லை என்றும் காந்தியடிகள் பெங்களூரிலிருந்து அறிக்கை விட்டார். அவ்வாண்டு முடியுமுன்பே ஹரிலால் ஆரிய சமாஜத்தின் வழியே மீண்டும் இந்துவானார்.

அந்த மாதங்களில்தான் சென்னையில் ஒன்று நிகழ்ந்தது. நள்ளிரவில், நடுத்தெருவில், குடிவெறியில் முறைகேடாக நடந்துகொண்ட ஹரிலாலைக் காவலர் பிடித்துச் சென்றனர். மறுநாள் நீதிபதிகள் அவருக்கு ஒரு ரூபாய் அபராதம் விதித்தனர். செய்தி பத்திரிகையில் வந்தது. அதைப் படித்தறிந்த கஸ்தூரிபா, வாழ்நாளில் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். மகனுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார்.

பள்ளி சென்று பயிலாத ஒரு தாயின் கடிதம் அது. ஒரு ரூபாயோடு விட்ட நீதிபதிகள் இரக்கமுடையவர்கள் என்றும், மகனின் தந்தைக்காகவே அவ்வளவு குறைவான தண்டனை தந்திருப்பார்கள் என்றும் அதில் சொல்கிறார். எத்தனையோ ஆண்டுகளாகத் தாம் கெஞ்சியும் பயனில்லாமற் போனதையும், முதுமையில் பெற்றோர் படும் வேதனையையும் சொல்கிறார். தந்தை யாரிடமும் வாய் திறந்து சொல்வதில்லை, ஆனால் உள்ளே உடைந்துகொண்டிருக்கிறார் என்கிறார். ஒவ்வொரு நாளும் காலையில் எழும்போதே, இன்று பத்திரிகையில் என்ன வந்திருக்குமோ என்று தம் நெஞ்சு நடுங்குவதைச் சொல்கிறார். எங்கே இருக்கிறானோ, எங்கே படுக்கிறானோ, என்ன உண்கிறானோ என்று ஏங்குகிறார். பார்க்க ஆசைதான், எங்கு தேடுவது என்றும் தெரியாது, அருகில் வந்தால் அவமதித்துவிடுவானோ என்ற அச்சமும் உண்டு என்கிறார். மகனைச் சூழ்ந்திருந்த முஸ்லிம் நண்பர்களையும் நோக்கி, அவனுக்கு இப்படித் துணைபோவது அவனுக்கு நன்மையா என்று கேட்கிறார்.

அதை நான் பலமுறை படித்திருக்கிறேன். அதில் சாபம் இல்லை. உறவறுப்பு இல்லை. அதே வேளையில் ஒளிப்பும் இல்லை. குடும்ப மானம் என்று சொல்லி நம் தாய்மார்கள் முந்தானையால் மூடி வைப்பதை அவர் ஊரறியத் திறந்துவிட்டார். மகனின் செயலுக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்குத் தாம் காரணம் என்று மார்பில் அடித்துக்கொள்ளவும் இல்லை. ஏறத்தாழ ஐம்பது வயது ஆகிவிட்ட ஒரு மனிதனின் செயல் அவனுடையது என்று ஏற்றுக்கொண்டார். தாமரை இலைத் தண்ணீரைப் போல என்று சொல்கிறோமே, அந்தத் தண்ணீர் இலையை விட்டு ஓடிவிடுவதில்லை, இலைமேலேதான் நிற்கிறது.

ஹரிலாலும் தாயை வெறுத்தாரில்லை. கட்னி ரயில் நிலையத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி பலரும் அறிந்தது. காந்தியடிகளுக்கு வாழ்த்து முழங்கிய கூட்டத்தில் ஒரே ஒரு குரல் அன்னை கஸ்தூரிபாவுக்கு வாழ்த்துக் கூறியது. கந்தல் உடையும் விழுந்த பற்களுமாய் ஹரிலால். மடியிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்துத் தாயிடம் நீட்டினார்; தாயே உண்ண வேண்டும் என்று வேண்டினார். தமக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்ட தந்தையிடம், அவருடைய பெருமையெல்லாம் தாயால் வந்தது என்று மட்டும் சொன்னார். எங்களோடு வந்துவிடு என்றார் கஸ்தூரிபா. அவர் வரவில்லை. வண்டி நகர்ந்தபோதுதான், பசித்திருந்த பிள்ளைக்குத் தாம் ஒன்றும் தரவில்லையே என்று தாய்க்கு உறைத்தது. கூடையிலிருந்து பழத்தை எடுப்பதற்குள் வண்டி வேகம் பிடித்துவிட்டது. அவர் இறங்கிப் பின்னால் ஓடவில்லை. ஓடிய காலம் முடிந்துபோயிருந்தது.

1942 ஆகஸ்டில் கைதான கஸ்தூரிபா, பூனாவில் ஆகாகான் மாளிகைச் சிறையில் கணவரோடு வைக்கப்பட்டார். சில நாட்களிலேயே, மகனுக்கு ஒப்பான மகாதேவ தேசாய் அங்கு இறந்தார். அன்னையின் இதயமும் தளர்ந்தது. அங்கே அவருக்குப் பணிவிடை செய்த மனு என்ற பெண்ணை ஹரிலாலின் மகள் மனு என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். இவர் வேறு, உறவினர் ஜெய்சுக்லாலின் மகள்.

இறுதி நாட்களில் கஸ்தூரிபா மூத்த மகனைக் காண விரும்பினார். அரசு இசைவு தந்தது. ஹரிலால் வந்தார், தாய் மகிழ்ந்தார். அடுத்த முறை வந்தபோது அவர் குடித்திருந்தார். படுக்கையில் கிடந்த தாய் நெற்றியில் அடித்துக்கொண்டு அழுதார். மகனை அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று. அத்தனை ஆண்டுப் பயிற்சியும் அந்தக் கணத்தில் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கலாகாது. பயின்றது ஓடாமல் இருப்பதற்கு, அழாமல் இருப்பதற்கன்று.

1944 பிப்ரவரி 22, மகாசிவராத்திரி. மாலையில் கணவரின் மடியில் உயிர் பிரிந்தது. கணவர் நூற்ற நூலில் நெய்த சேலை உடலுக்குப் போர்த்தப்பட்டது. மறுநாள் மாளிகை வளாகத்திலேயே தகனம். கடைசி மகன் தேவதாஸ் தீ மூட்டினார். ராஜாஜியின் மகள் லட்சுமியை 1933-இல் மணந்தவர் இவர். மூத்த மகன் செய்திருக்க வேண்டிய கடன் அது.

அன்னையின் பெயரால் நாடு நிதி திரட்டியது. எழுபத்தைந்து லட்சம் ரூபாய் கேட்டார்கள். ஒரு கோடிக்கு மேல் குவிந்தது. சிற்றூர்ப் பெண்கள், குழந்தைகளின் நலனுக்கென அந்த நிதி ஒதுக்கப்பட்டது.

1948 ஜனவரி 30-இல் காந்தியடிகள் சுடப்பட்டு மறைந்தார். அவ்வாண்டு ஜூன் 18-ஆம் நாள், பம்பாயில் ஒரு மருத்துவமனையில், காசநோயால் ஹரிலால் இறந்தார். வயது அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைய காலைச் செய்தித்தாளைக் கண்டு நெஞ்சு நடுங்க, பூனாவில் துயின்றுகொண்டிருந்த அந்தத் தாய் இல்லை.